குடிவந்தோர் பிள்ளைகளும் பாடசாலை வாயிலும்

கல்வியைக் கண்ணென்று போற்றுவது தமிழ் மக்களின் நெடுநாள் மரபு. அக்கல்வியைப் பெறும் உரிமை யாருக்கு உண்டு என்று வினவினால், எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு என்றே எவரும் விடை கூறுவர். ஆயின், அந்த ‘எல்லாப் பிள்ளைகள்’ என்னும் தொகைக்குள், பிழைப்புத் தேடிப் பிறநாட்டிலிருந்து வந்து குடியேறியவனுடைய பிள்ளையும் அடங்குமா? நாட்டின் மொழியை அறியாத பிள்ளை அடங்குமா? உரிய அனுமதிப் பத்திரமின்றி எல்லையைக் கடந்து வந்தவனுடைய பிள்ளை அடங்குமா? இவ்வாறு வினாவை விரித்துக்கொண்டே போகும்போது விடை கூறுவோரின் குரல் தளர்ந்துவிடுவதைக் காணலாம். இந்த வினாக்கள் ஒவ்வொன்றும் நீதிமன்ற வழக்காகவே எழுந்து, நூறாண்டுக் காலம் வாதிக்கப்பட்ட நாடு ஐக்கிய அமெரிக்கா. அவ்வழக்குகளின் வரலாறு, வாக்குரிமையும் செல்வாக்கும் இல்லாத எளிய குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்காகச் செய்த முயற்சியின் வரலாறாகும்.

ஐக்கிய அமெரிக்கா குடிவந்தோரால் ஆகிய நாடு என்பர். பொதுப் பணத்தில் நடைபெறும் பொதுப் பாடசாலை என்னும் எண்ணம் அந்நாட்டில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வலுப்பெற்றது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கல்விச் சபையின் செயலாளராக 1837இற் பதவியேற்ற ஹொரேஸ் மான் அவ்வெண்ணத்தைப் பரப்பியவருள் முதன்மையானவர். செல்வர் பிள்ளையும் வறியவர் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் இருந்து கற்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதே மாநிலம் 1852இற் கட்டாயக் கல்விச் சட்டத்தை இயற்றியது. 1918ஆம் ஆண்டளவில் எல்லா மாநிலங்களும் அத்தகைய சட்டங்களைக் கொண்டிருந்தன. எனினும், சட்டத்தில் ‘எல்லாரும்’ என்று எழுதப்பட்ட இடத்தில், நடைமுறையிற் சிலர் விலக்கப்பட்டே வந்தனர்.

விலக்கப்பட்டவர்களுக்குப் பின்னாளில் ஊன்றுகோலாக அமைந்தது அந்நாட்டு அரசியலமைப்பில் வந்த ஒரு சொல். உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைத்தனம் ஒழிந்தபின், 1868இற் பதினான்காவது திருத்தம் நிறைவேறியது. தன் நியாயாதிக்கத்துக்கு உட்பட்ட எந்த ஆளுக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை எந்த மாநிலமும் மறுத்தலாகாது என்பது அத்திருத்தத்தின் கருத்து. ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது, சமமான பாதுகாப்பைப் பேசுமிடத்தில் அத்திருத்தம் ‘பிரசை’ என்னாது ‘ஆள்’ என்றே கூறுவதாகும். பிரசாவுரிமை இல்லாதவனும் ஓர் ஆள். குழந்தையும் ஓர் ஆள். இச்சிறு வேறுபாட்டின் பெரும்பயனை நீதிமன்றங்கள் முற்றாக உணர நெடுங்காலம் சென்றது.

முதல் வழக்கு சான் பிரான்சிஸ்கோ நகரில் எழுந்தது. சீனர்கள் பொன் தேடியும் இருப்புப்பாதை வேலைக்காகவும் கலிபோர்னியாவுக்கு வந்தவர்கள். அவர்களுடைய உழைப்பை வேண்டிய நாடு, அவர்களை வேண்டவில்லை. சீனத் தொழிலாளர் நாட்டினுள் வருவதைத் தடுக்கும் சட்டம் 1882இல் இயற்றப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவிலோ 1871 முதற்கொண்டே சீனப் பிள்ளைகளுக்கெனப் பொதுப் பாடசாலை எதுவும் இருக்கவில்லை. அவர்களுடைய பெற்றோர் செலுத்திய வரிப்பணம் மட்டும் பாடசாலை நிதியிற் சேர்ந்துகொண்டிருந்தது.

அந்நகரில் ஜோசப் டேப், மேரி டேப் என்னும் சீனத் தம்பதிகள் வாழ்ந்தனர். இருவரும் இளம் பிராயத்திலேயே சீனாவிலிருந்து வந்தவர்கள். சீனர் குடியிருப்புக்கு வெளியே, ஆங்கிலம் பேசுவோர் நடுவே இல்லறம் நடத்தியவர்கள். 1884இல், எட்டு வயதான தம் மகள் மேமியை அயலிலிருந்த ஸ்பிரிங் வலி பாடசாலையிற் சேர்க்கச் சென்றபோது, தலைமையாசிரியை ஜெனி ஹேர்லி அனுமதி மறுத்தார். பிள்ளை சீனப் பிள்ளை என்பதையன்றி வேறு காரணமில்லை. டேப் குடும்பத்தினர் நீதிமன்றத்தை நாடினர். 1885 ஜனவரியில் நீதிபதி மக்குவயர் மேமியின் பக்கமே தீர்ப்பளித்தார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் மாநில உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிப்படுத்தியது.

வெற்றி கிட்டிற்று என்று எண்ணுதற்குள் வாயில் மீண்டும் அடைபட்டது. மாநிலச் சட்டசபை விரைந்து கூடி, சீனப் பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலை அமைக்கலாம் என்றும், அத்தகைய பாடசாலை அமைந்தபின் அவர்களை வேறு பாடசாலைகளிற் சேர்த்தலாகாது என்றும் சட்டம் செய்தது. தனிப் பாடசாலை திறக்கப்படுவதற்கு முன் மேமி மறுபடியும் ஸ்பிரிங் வலிக்குச் சென்றாள். அம்மைப்பால் குத்திய அத்தாட்சி சரியில்லை என்றும், வகுப்பில் இடமில்லை என்றும் கூறித் திருப்பியனுப்பினர். இனத்தைக் காரணங்காட்டி மறுப்பது கூடாது என்று நீதிமன்றம் சொன்னதும், பத்திரம் காரணமாக வந்ததை நேயர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். இதே உபாயம் பிற்காலத்திலும் பலமுறை தலைகாட்டியது.

மேரி டேப் கல்விச் சபைக்கு ஒரு கடிதம் வரைந்தார். அது 1885 ஏப்ரலிற் பத்திரிகையில் வெளிவந்தது. அவருடைய ஆங்கிலத்தில் இலக்கணப் பிழைகள் இருந்தன, கருத்திலோ பிழையில்லை. சீனராய்ப் பிறந்தது ஓர் இழிவா என்று அத்தாய் வெளிப்படையாகக் கேட்டார். சபையார் விடையிறுக்கவில்லை. சில நாட்களிற் சீனர் ஆரம்ப பாடசாலை திறக்கப்பட்டது. வேறு வழியின்றி மேமியும் அவளுடைய தம்பி பிராங்கும் அங்கேயே சேர்ந்தனர். வழக்கில் வென்றும் வாழ்க்கையில் அவ்வெற்றியின் பயனை நுகராத முதற்குடும்பம் அது.

மறு ஆண்டு, 1886இல், அதே நகரத்துச் சீனச் சலவைத் தொழிலாளர் ஒருவரின் வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒரு பெரு விதியை நிறுவியது. பதினான்காவது திருத்தத்தின் பாதுகாப்பு பிரசைகளுக்கு மட்டும் உரியதன்று. அந்நாட்டு மண்ணில் வாழும் பிறநாட்டவருக்கும் உரியது என்பதே அவ்விதி. சலவைச்சாலை பற்றி எழுந்த அத்தீர்ப்பு, தொண்ணூற்றாறு ஆண்டுகளின் பின் பாடசாலைக்கும் பயன்பட்டது.

இடைக்காலத்தில் மெக்சிக்கோவிலிருந்து வந்தோர் பெருகினர். தென் கலிபோர்னியாவின் தோடந் தோட்டங்களில் உழைத்த அவர்களுடைய பிள்ளைகள் ‘மெக்சிக்கர் பாடசாலை’ எனப்பட்ட தனிப் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். ஒரேஞ்சு மாவட்டத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் என்னும் ஊரில் கொன்சாலோ மெண்டெஸ், பெலிசிடாஸ் மெண்டெஸ் என்னும் தம்பதிகளின் பிள்ளைகளுக்கும் அதுவே நேர்ந்தது. ஒரே நாளில் ஒரே வீட்டாருடன் சேர்ந்து சென்ற அத்தை பிள்ளைகள் வெளிறிய நிறமும் வேறு குடும்பப் பெயரும் உடையவராதலின் ஏற்றுக்கொள்ளப்பட்டனர். மெண்டெஸ் பிள்ளைகளோ மறுக்கப்பட்டனர். அக்குடும்பம் அப்போது பயிரிட்டிருந்த நிலம், போர்க்காலத்தில் முகாமுக்கு அனுப்பப்பட்ட ஜப்பானியக் குடும்பமொன்றுக்குச் சொந்தமானது. அந்நிலத்தின் வருவாய் வழக்குச் செலவுக்கு உதவியது. ஐந்து குடும்பத் தலைவர்கள் சேர்ந்து 1945இல் வழக்குத் தொடுத்தனர். 1946இல் நீதிபதி போல் மக்கோமிக் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்த்தார். 1947இல் மேன்முறையீட்டு மன்றமும் அதனை ஒப்புக்கொண்டது. அவ்வாண்டே கலிபோர்னிய ஆளுநர் ஏர்ள் வாரன், டேப் குடும்பத்தை வருத்திய அந்தப் பழைய பிரிவினை விதிகளை நீக்கும் சட்டத்தில் ஒப்பமிட்டார். அவரே பின்னர் நாட்டின் பிரதம நீதியரசராகி, 1954இற் கறுப்பின மாணவரைப் பிரித்துவைத்தல் அரசியலமைப்புக்கு முரண் என்னும் புகழ்பெற்ற தீர்ப்பை எழுதினார்.

வாயில் திறந்தது. ஆனால் உள்ளே சென்ற பிள்ளைக்கு ஆசிரியர் பேசும் மொழி விளங்காவிடின் யாது பயன்? இவ்வினா மீண்டும் சான் பிரான்சிஸ்கோவிலேயே, மீண்டும் சீனப் பிள்ளைகளின் வாயிலாகவே எழுந்தது. 1965இன் குடிவரவுச் சட்டம் ஆசிய நாட்டவருக்கு இருந்த தடைகளைத் தளர்த்தியபின், புதிய குடும்பங்கள் பல அந்நகரை அடைந்தன. ஆங்கிலம் அறியாத சீன மாணவர் அந்நகரப் பாடசாலைகளில் 2,800 பேருக்கு மேல் இருந்தனர். அவர்களில் ஏறக்குறைய 1,000 பேருக்கே தனியாக ஆங்கிலம் கற்பிக்கப்பட்டது. ஏனைய 1,800 பேரும் விளங்காத பாடத்தைக் கேட்டுக்கொண்டு வகுப்பில் வாளாவிருந்தனர். 1970இல் அவர்கள் சார்பில் வழக்குத் தொடரப்பட்டது.

கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் வழக்கைத் தள்ளின. எல்லா மாணவருக்கும் ஒரே பாடம், ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் அளிக்கப்பட்டிருப்பின் அரசின் கடமை முடிந்தது என்பது அவற்றின் முடிவு. உச்ச நீதிமன்றமோ 1974 ஜனவரி 21ஆம் நாள், ஒருவர்கூட மாறுபடாமல், இம்முடிவை மாற்றியது. நீதியரசர் வில்லியம் டக்ளஸ் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: ஒரே பொருளை எல்லார் கையிலும் கொடுப்பதனாற் சமத்துவம் வந்துவிடாது, ஆங்கிலம் அறியாத மாணவன் அவ்வகுப்பறையிற் பொருளுள்ள கல்வி எதனையும் பெறுவதில்லை. இனத்தாலும் பிறந்த நாட்டாலும் பாகுபாடு காட்டும் நிறுவனங்களுக்கு அரசுப் பணம் கொடுபடலாகாது என்னும் 1964ஆம் ஆண்டுக் குடியியல் உரிமைச் சட்டமே அத்தீர்ப்புக்கு அடிப்படையாயிற்று. பரிகாரம் யாது என்பதை மன்றம் விதிக்கவில்லை. ஆங்கிலத்தைத் தனியே கற்பித்தலும் ஆகலாம். தாய்மொழியிற் பாடம் நடத்தலும் ஆகலாம். ஏதேனும் ஒன்று செய்தேயாக வேண்டும் என்பதே கட்டளை. அவ்வாண்டிலேயே பாராளுமன்றமாகிய காங்கிரஸ் இக்கடமையைத் தனிச் சட்டமாகவும் ஆக்கியது. 1981இல் டெக்சாஸ் வழக்கொன்றில் மேன்முறையீட்டு மன்றம் மூன்று அளவுகோல்களை வகுத்தது. பாடசாலை மேற்கொள்ளும் முறை கல்வியறிஞர் ஏற்கும் கொள்கையில் நிற்கவேண்டும். அதற்கு வேண்டிய ஆசிரியரும் பொருளும் இருக்கவேண்டும். சில காலத்தின்பின் பலன் காணப்படவேண்டும்.

பெற்றோரும் மறக்கப்படவில்லை. பாடசாலை அனுப்பும் அறிவித்தல்கள் பெற்றோருக்கு விளங்கும் மொழியிற் செல்லவேண்டும் என்று சமஷ்டி அரசாங்கத்தின் கல்விப் பகுதி 1970 மே மாதத்திலேயே சுற்றறிக்கை விடுத்திருந்தது. தாய்க்கு விளங்காத கடிதம் பிள்ளையின் பையிலேயே கிடந்து கசங்கும் என்பதை அறிந்தோர் இதன் அருமையை உணர்வர்.

இனி, யாவற்றினும் கடினமான வினாவுக்கு வருவோம். சட்டப்படி வந்தவரின் பிள்ளைக்கு இவ்வளவும் உண்டாயின், சட்டத்தை மீறி வந்தவரின் பிள்ளைக்கு யாது உண்டு?

டெக்சாஸ் மாநிலம் 1975இல் இதற்கு ஒரு விடை கூறியது. சட்டப்படி நாட்டினுள் அனுமதிக்கப்படாத பிள்ளைகளின் கல்விக்கு மாநிலப் பணம் தரப்படமாட்டாது. பாடசாலை வட்டாரங்கள் அவர்களை விலக்கலாம் என்பது அச்சட்டம். டைலர் என்னும் நகரம் ரோசாச் செடி வளர்ப்புக்குப் பெயர்பெற்றது. அந்நகரின் தோட்டங்களிலும் ஆலைகளிலும் மெக்சிக்கோவிலிருந்து வந்தோர் உழைத்தனர். 1977இல் டைலர்ப் பாடசாலை வட்டாரம், அனுமதிப் பத்திரம் காட்ட இயலாத ஒவ்வொரு பிள்ளையும் ஆண்டுக்கு 1,000 டொலர் கட்டணம் செலுத்தவேண்டும் என்று விதித்தது. கூலித் தொழிலாளிக்கு அது கட்டணமன்று, கதவடைப்பேயாம்.

நான்கு குடும்பங்கள் துணிந்தன. தம்மைச் சட்டமீறியோர் என்று தாமே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டாலன்றி அவர்கள் வழக்காட இயலாது. ஒப்புக்கொண்டால் நாடுகடத்தப்படலாம். ஆதலால், தமிழில் ‘இன்னார்’ என்பதுபோல, ஆங்கிலத்திற் பெயர் மறைப்பதற்கு வழங்கும் ‘டோ’ என்னும் பொதுப்பெயரால் அவர்கள் குறிக்கப்பட்டனர். எதிர்வாதி, பாடசாலை அத்தியட்சகர் ஜேம்ஸ் பிளைலர். வழக்கை விசாரித்த சமஷ்டி நீதிபதி வில்லியம் வேன் ஜஸ்டிஸ். அவருடைய குடும்பப் பெயருக்கும் நீதி என்பதே பொருள். ஊரார் கண்ணிற் குடும்பங்கள் படாதிருக்கும் பொருட்டு, 1977 செப்டெம்பரில் விடியற்காலை ஆறு மணிக்கே அவர் விசாரணையை வைத்தார். நாடுகடத்தப்படுவோம் என்றெண்ணிய பெற்றோர், தம் உடைமைகளை மோட்டார் வண்டிகளில் ஏற்றிக்கொண்டே நீதிமன்றத்துக்கு வந்தனர். பிள்ளை ஆரம்ப வகுப்பிற் சேர்வதற்காகக் குடும்பத்தின் இருப்பையே பணயமாக வைத்த செயல் அது.

நீதிபதி ஜஸ்டிஸ் குடும்பங்களுக்குச் சாதகமாகவே தீர்த்தார். மேன்முறையீடுகளைக் கடந்து வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1981 டிசெம்பரில் வாதிக்கப்பட்டு, 1982 ஜூன் 15ஆம் நாள் முடிவுற்றது. சட்டமீறி வந்தோர் மாநிலத்தின் நியாயாதிக்கத்துக்கு உட்பட்டவரல்லர் என்று டெக்சாஸ் முதலில் வாதிட்டது. இவ்வாதத்தை ஒன்பது நீதியரசர்களுள் ஒருவரேனும் ஏற்கவில்லை. சட்டத்தின் தண்டனைக்கு ஒருவன் உட்பட்டவனாயின், அச்சட்டத்தின் பாதுகாப்புக்கும் அவன் உட்பட்டவனே. 1868இன் ‘ஆள்’ என்னும் சொல் இங்கு தன் முழுப்பொருளையும் பெற்றது.

மற்றைய வாதங்களில் மன்றம் பிளவுண்டது. நீதியரசர் வில்லியம் பிரெனன் ஐவர் சார்பில் எழுதினார். கல்வி அரசியலமைப்பு உறுதிசெய்த அடிப்படை உரிமையன்று என்று அதே மன்றம் 1973இற் கூறியிருந்தது. அதனை அவர் மறுக்கவில்லை. எனினும், அது அரசு வழங்கும் மற்றெந்தச் சலுகையையும் போன்றதுமன்று என்றார். எழுத்தறிவின்மை வாழ்நாள் முழுதும் நீங்காத ஊனம். பெற்றோர் செய்த செயலுக்கு, அதிற் பங்கில்லாத பிள்ளை பொறுப்பாளியாகாது. பணம் மிச்சமாகும் என்னும் காரணமும், சட்டமீறிய வரவு குறையும் என்னும் காரணமும் விசாரணையில் நிலைநாட்டப்படவில்லை. வேலைக்காகவே மக்கள் வருகின்றனர், இலவசப் பாடசாலைக்காக அன்று. அப்பிள்ளைகளிற் பலர் அந்நாட்டிலேயே நிலைத்து வாழப்போகின்றவர்கள். அவர்களை எழுத்தறியாதோராக வளர்த்து, நாட்டினுள்ளே ஒரு தாழ்ந்த வகுப்பை ஆக்குவதனால் யாருக்கு நன்மை?

எதிர்த்த நால்வர் சார்பில் எழுதியவர் பிரதம நீதியரசர் வாரன் பேகர். அவரும் இப்பிள்ளைகளைக் கல்வியின்றி விடுவது அறிவீனமான கொள்கை என்றே கூறினார். ஆனால் அறிவீனமான சட்டங்களையெல்லாம் திருத்துவது நீதிமன்றத்தின் தொழிலன்று. அது சட்டசபைக்குரியது என்பது அவருடைய வாதம். இவ்வாதத்தை எளிதிற் புறக்கணித்தல் இயலாது. தீர்ப்பு ஐவருக்கு நால்வர் என்னும் ஒரே வாக்கு வேறுபாட்டில் நின்றதையும் மறத்தலாகாது.

அவ்வொரு வாக்கின் வலிமையைச் சோதிக்கும் முயற்சிகள் பின்னரும் நிகழ்ந்தன. 1994இற் கலிபோர்னிய வாக்காளர், ஏறக்குறைய நூற்றுக்கு 59 பேர், மாணவரின் குடிவரவு நிலையைப் பாடசாலைகள் ஆராய்ந்து விலக்க வேண்டும் என்னும் பிரேரணையை ஏற்றனர். நீதிமன்றம் அதனைத் தடுத்தது. 2011இல் அலபாமா மாநிலம், விலக்காமல், புதிதாகச் சேரும் மாணவரின் நிலையை விசாரித்துப் பதியுமாறு மட்டும் சட்டம் செய்தது. சட்டம் நடைமுறைக்கு வந்த சில நாட்களில், ஒரே நாளில் 2,000 பேருக்கு மேற்பட்ட ஸ்பானிய மரபு மாணவர் பாடசாலைக்கு வரவில்லை. கேள்வி ஒன்றே கதவை அடைக்கப் போதுமாயிருந்தது. மேன்முறையீட்டு மன்றம் 2012இல் அவ்விதியைச் செல்லாததாக்கியது. 2025இல் டெனெசி மாநிலத்தின் மேலவை, பிளைலர் தீர்ப்புக்கு நேர்மாறான மசோதாவை நிறைவேற்றியது. அவ்வாண்டிற் கீழவையில் அது நிறைவேறவில்லை. பாடசாலை போன்ற இடங்களில் குடிவரவு அதிகாரிகள் கைது செய்வதைக் கட்டுப்படுத்திய சமஷ்டி விதிமுறையும் அதே ஆண்டு ஜனவரியில் நீக்கப்பட்டது.

மாணவனைச் சேர்க்கும் மேசையில் அமர்ந்திருக்கும் எழுதுவினைஞர் யாது கேட்கலாம் என்பதில் இவ்வழக்குகளின் பயன் முழுதும் அடங்கியிருக்கிறது. பிள்ளையின் வயதுக்கும், அவ்வட்டாரத்தில் வசிப்பதற்கும் சான்று கேட்கலாம். வீட்டின் மின்சாரக் கட்டணச் சீட்டும் வசிப்புக்குச் சான்றாகலாம். குடியிருக்க வீடில்லாத பிள்ளையைப் பத்திரங்கள் இல்லையெனினும் உடனே சேர்க்க வேண்டும் என்று 1987இல் ஏற்பட்ட சட்டமொன்று விதிக்கிறது. ஆனால், எவ்வாறு இந்நாட்டுக்கு வந்தாய் என்னும் வினாவை எழுப்பிப் பிள்ளையைத் திருப்பியனுப்புதல் பிளைலர் தீர்ப்புக்கு மாறானது. பொதுப் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்கும் நிலையிலுள்ள மாணவர் 2021இல் 53 இலட்சம் பேர் அளவில் இருந்தனர். மொத்த மாணவரில் அது பத்திலொரு பங்குக்கு மேலாகும். அவர்களிற் பெரும்பாலோர் அந்நாட்டிலேயே பிறந்தவர்கள் என்பதும் அறியத்தக்கது.

டைலரில் வழக்காடிய குடும்பங்களின் பிள்ளைகளிற் பலர் அவ்வூரிலேயே படிப்பை முடித்து, அவ்வூரிலேயே தொழில் செய்து வாழ்ந்தனர். வழக்குக்குத் தன் பெயரைக் கொடுத்த அத்தியட்சகர் பிளைலரும், முதுமையில், தம் தரப்புத் தோற்றதே நன்றாயிற்று என்று கூறினார். பெயரை மறைத்துக்கொண்டு வந்தவர்கள் வென்றதனாற் பெயருடையோர் யாரும் எதையும் இழந்துவிடவில்லை என்பதை அவர் கண்டிருந்தார். எனினும் அவ்வெற்றி ஒருமுறை பெற்று, பேழையிற் பூட்டிவைக்கும் பொருளன்று. மேமி டேப்பின் காலத்தில் அம்மைப்பால் அத்தாட்சியாக வந்த தடை, டைலரிற் கட்டணமாக வந்தது. அலபாமாவில் ஒரு கேள்வியாக வந்தது. இனி அது எவ்வுருவில் வரினும், மேரி டேப் எழுதியது போன்ற கடிதத்தை எழுத ஒரு தாயும், அதனைச் செவிமடுக்க ஒரு மன்றமும் இருக்கும்வரை, அவ்வாயில் திறந்தே இருக்கும் என்று நம்பலாம்.